பாதாளம் வரைக்கும் பாயுது, கிரவுண்டுக்கு வரல

மேடையில வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னாடி பேசி என் பாதி பாயிண்ட்டை எடுத்துக்கிட்ட அண்ணன் அவர்களே, பரிசு கொடுக்க வந்திருக்கிற சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, விழாவுக்கு ஸ்பான்சர் பண்ணின பெரியவங்களே (பணத்தைத் திட்டப் போறேன், கோவிச்சுக்காதீங்க), தாய்மார்களே, ஜெயிச்ச பசங்களே, தோத்த பசங்களே, மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். வணக்கம் சொல்லியே பாதி நேரம் போச்சு.

மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். விளையாட்டுல பணம், வீட்டுல பணம், அப்புறம் இந்த சூதாட்ட ஆப்.

பணம் பாதாளம் வரைக்கும் பாயும்னு சொல்வாங்க. 2017ல ஃபுட்பால் பிளேயர் நெய்மாரை ஒரு கிளப்புலேர்ந்து இன்னொரு கிளப்புக்குக் கூட்டிட்டுப் போக 22 கோடியே 20 லட்சம் யூரோ. 2024ல நடந்த ஐபிஎல் கிரிக்கெட் ஏலத்துல ரிஷப் பண்ட்டுக்கு 27 கோடி ரூபா. வாங்கட்டும்ங்க, எனக்கு ஒண்ணும் வயித்தெரிச்சல் இல்ல. ஆனா இப்ப ஒரு பையன்கிட்ட ஒரு பிளேயர் எப்படின்னு கேட்டா, எப்படி ஆடுவார்னு சொல்ல மாட்டேங்குறான், எத்தன கோடிக்குப் போனார்னு சொல்றான், சின்ன வயசுலயே கணக்குப்பிள்ளை ஆயிட்டான்.

அந்தக் காலத்துல விளையாட்டு சுத்தமா இருந்துச்சுன்னு சிலர் பெருமூச்சு விடுவாங்க. அவங்களுக்கு ஜிம் தார்ப் கதையச் சொல்றேன். அமெரிக்கப் பூர்வகுடி, தடகள வீரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸ். நடுவுல மனுஷனோட ஷூவைக் காணோம்! எவனோ சுட்டுட்டான்னு சொல்வாங்க. எங்கேயோ தேடி ஜோடி சேராத ரெண்டு ஷூ கிடைக்குது, ஒண்ணு பெருசு, அந்தக் கால்ல சாக்ஸ் மேல சாக்ஸ் போட்டு இறுக்கிக்கிட்டார், அந்த போட்டோ இன்னிக்கும் இருக்கு பாருங்க. அஞ்சு போட்டி சேர்ந்த பென்டாத்லான், பத்து போட்டி சேர்ந்த டெக்காத்லான், ரெண்டுலயும் தங்கம். கைதட்டுங்கப்பா! மறு வருஷமே ரெண்டையும் பிடுங்கிட்டாங்க. ஏன்? அதுக்கு முன்னாடி பேஸ்பால் ஆடி கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு வாங்கிட்டாராம், காசு வாங்கி ஆடினவன் ஒலிம்பிக்ஸ்ல ஆடக்கூடாதுன்னு அப்போ சட்டம். காசு வாங்காம ஆடணும்னா வீட்டுல சொத்து இருக்கறவன்தானே ஆட முடியும், இதுவா சுத்தம்? 1953ல செத்துப் போனார். 1982லதான் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க, அதுவும் இன்னொருத்தரோட பங்கு போட்டு. தனி வெற்றியாளர்னு ஒத்துக்கிட்டது 2022ல.

அதனால ஆடுறவன் சம்பாதிக்கறது தப்பே இல்ல. பாதாளம் வரைக்கும் பாயுற பணம் பசங்க ஓடுற கிரவுண்டுக்கு மட்டும் ஏன் பாய மாட்டேங்குது, அதான் என் கேள்வி. காலி இடம்னா கட்டடம், மிச்சம் இருந்தா பார்க்கிங், அதுக்கும் தப்பிச்சா புல்தரை விரிச்சு மணிக்கு இவ்ளோன்னு வாடகை. காசு இல்லாத பையன் கம்பி வேலிக்கு வெளிய நின்னு உள்ள ஓடுற பந்தையே பாத்துக்கிட்டிருக்கான். வேலி தாண்டி பந்து விழுந்தா எடுத்துக் கொடுக்கிறான், அவனுக்கு அன்னிக்கு ஆட்டம் அவ்ளோதான்.

கத்தினா யார் கேப்பாங்கன்னு கேக்காதீங்க. 2021ல ஐரோப்பாவுல 12 பெரிய ஃபுட்பால் கிளப் சேர்ந்து சூப்பர் லீக்னு தங்களுக்குள்ளயே ஒரு போட்டி நடத்த தனிக்கடை போட்டாங்க. ரசிகர்கள் தெருவுல இறங்கினாங்க, மூணு நாளுக்குள்ள பெரும்பாலான கிளப் கழண்டுக்கிச்சு.

வீட்டுப் பணம், சூதாட்ட ஆப் ரெண்டுக்கும் நேரமில்ல, தலைவர் வாட்ச்சைப் பாக்குறார். வாடகையில்லாத பொது கிரவுண்ட் கேட்டு வாசல் மேஜையில மனு வச்சிருக்கோம். கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. பேனா குறைச்சலாத்தான் இருக்கு, பாக்கெட்ல சொருகிக்கிட்டுப் போயிடாதீங்க, நன்றி வணக்கம்.