ஏஎஃப்ஆர் மீட்டர் தாறுமாறா ஆடுதா? மேப்ல கை வைக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் நண்பர்களே. முதல்ல இந்த ஏஎஃப்ஆர் மீட்டரைப் பாருங்க. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்துன்னு காட்டறது இது. எண்ணு ஏறினா பெட்ரோல் கம்மி, அதைத்தான் லீன்னு சொல்றோம். வண்டி ஐடில்ல நிக்குது. 15.8... 16.5... 15.2... இதோ 17. ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது.

டர்போ மாட்டி டியூன் பண்ணின பெட்ரோல் பிக்கப் ட்ரக் இது. நண்பரோட வண்டி. ஃபுல் த்ராட்டில்ல 11.5ல நிக்கணும். ஆனா 5000 ஆர்பிஎம் தாண்டினதும் 13.5க்கு எகிறுது, உடனே 10.5க்கு விழுது, திரும்ப எகிறுது. "லீனா ஓடுது, பெட்ரோலைக் கூட்டு"ன்னு சொல்லியிருக்காங்க. கூட்டியும் பாத்தாச்சு. கூட்டக் கூட்ட ஆட்டம் இன்னும் அதிகமாச்சாம்.

அதுதான் எனக்குக் கிடைச்ச முதல் துப்பு. நிஜமாவே லீனா இருந்தா, பெட்ரோல் கூட்டினதும் கொஞ்சமாவது சரியாகணும். மோசமாகுதுன்னா மீட்டர் சொல்றது வேற ஏதோ கதை.

இந்த மீட்டருக்கு எண்ணு தர்ற வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலைப் பாத்து எண்ணு சொல்றதில்ல. எக்ஸாஸ்ட்ல வர்ற வாயுல ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கு, இல்ல எவ்வளவு பத்தாமப் போச்சு, இதை வெச்சுத்தான் சொல்லுது. அந்த ஆக்சிஜன் இன்ஜின் வழியா வந்துச்சா, குழாய்ல ஓட்டை வழியா வந்துச்சா, இல்ல ஒரு சிலிண்டர் எரியாம அப்படியே துப்பினதான்னு அதுக்குத் தெரியாது. எல்லாமே அதுக்கு "லீன்"தான். அதனால எண்ணு உண்மைன்னு நிரூபிக்கிற வரைக்கும் எப்போ எவ்வளவு பெட்ரோல்னு சொல்ற அட்டவணையை, அதாவது ஃப்யூயல் மேப்பை, நான் திறக்கவே மாட்டேன். டர்போ இன்ஜின்ல தப்பான எண்ணை நம்பி டியூன் பண்ணினா பிஸ்டன் போகும்.

சரி, ஆரம்பிப்போம். டாஷ்ல இருக்கற மீட்டரும், இசியு (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) பதிவு பண்ணி லேப்டாப்ல வர்ற லாகும் ஒரே எண்ணு காட்டுதா? இங்க பாருங்க, மீட்டர் 15.5, லாக் 15.8. சென்சாரோட கன்ட்ரோலர் எண்ணை இசியுவுக்கு அனலாக் வயர்ல, வோல்டேஜா சொல்லுது. 0 வோல்ட்னா ஏஎஃப்ஆர் 10, 5 வோல்ட்னா 20. அப்போ 0.1 வோல்ட் பிசகினாலே ஏஎஃப்ஆர்ல 0.2 மாறிடும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வெச்சு, ஒரு முனை கன்ட்ரோலரோட கிரவுண்ட்ல, இன்னொரு முனை இசியு கிரவுண்ட்ல. 60 மில்லிவோல்ட். இப்போ ரேடியேட்டர் ஃபேனைப் போடறேன்... 150 மில்லிவோல்ட். பாத்தீங்களா? ஃபேன் ஓடும்போது 0.3 பாயின்ட் லீனா காட்டுது, இன்ஜின்ல ஒண்ணுமே மாறாம. கன்ட்ரோலர் கிரவுண்டை டாஷ் பக்கம் ஏதோ ஒரு ஸ்க்ரூல மாட்டியிருக்காங்க. அதைக் கொண்டுபோய் இசியு கிரவுண்ட் இருக்கற அதே போல்ட்ல மாட்டிட்டேன். இப்போ மீட்டரும் லாகும் ஒண்ணு. உங்க இசியு கேன் பஸ்ல (டிஜிட்டலா தகவல் போற வயர்) வைட்பேண்டை எடுத்துக்கும்னா அந்த வழியிலயே எடுங்க, இந்தத் தலைவலியே வராது.

ஆனா 0.3 பிசகு எண்ணை ஒரு பக்கமாத் தள்ளும், அவ்வளவுதான். 15.2க்கும் 17க்கும் நடுவுல குதிக்க வைக்காது. அதுக்கு வண்டிக்கு அடியில போகணும்.

லைட்டை இங்க காட்டறேன். டர்போல இருந்து டவுன்பைப் இறங்குது, இது ஃபிளாஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைச்ச இடம், இதுக்கு கீழ ஒரு முழம் தள்ளி சென்சார். ஃபிளாஞ்சோட இந்த ஓரத்தைப் பாருங்க. விரல் வெச்சுத் தேய்ச்சா கருப்பா ஒட்டுது. கேஸ்கெட்டோட இந்த மூலை மட்டும் கரி படிஞ்சு விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு. மத்த மூணு மூலையும் சுத்தம். இன்ஜின் ஆறினதும் வேக்கம் கிளீனரோட ஊதுற பக்கத்தை டெயில் பைப்ல வெச்சு, இங்க சோப்புத் தண்ணி அடிச்சேன். நுரை பொங்குது பாருங்க.

வெளிய போற ஓட்டை எப்படி உள்ள காத்தை இழுக்கும்னு நிறையப் பேர் கேப்பீங்க. எக்ஸாஸ்ட் ஒரே சீரா ஓடறதில்ல, துடிப்பு துடிப்பா வருது. ரெண்டு துடிப்புக்கு நடுவுல குழாய்க்குள்ள அழுத்தம் வெளிக்காத்தை விடக் கொஞ்சம் குறையும். அந்தக் கணத்துல ஓட்டை வழியா காத்து உள்ள போகும். ஐடில்ல வாயு கம்மி, அதனால அந்தத் துளிக் காத்தே எண்ணைப் புரட்டிப் போட்டுடும். ஆர்பிஎம் ஏற ஏற அது கரைஞ்சு போகும். ஐடில்ல ஆடி, வேகத்துல அடங்கினா நான் நேரா எக்ஸாஸ்ட் லீக்கைத்தான் தேடுவேன்.

இதுல வருத்தமான விஷயம் என்னன்னா, இசியு அந்தப் பொய்யை நம்புது. லாகைப் பாருங்க, சென்சாரைக் கேட்டு இசியு தானா பெட்ரோலை ஏத்தி இறக்கற க்ளோஸ்டு லூப் திருத்தம் பிளஸ் 15 சதவீதத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு மேல போக அனுமதி இல்ல. மீட்டர் 16ன்னு சொல்லுது, டெயில் பைப் பக்கத்துல நின்னா பெட்ரோல் நெடியில கண்ணு எரியுது. மீட்டரும் மூக்கும் சண்டை போட்டா நான் மூக்கைத்தான் நம்புவேன்.

கேஸ்கெட் மாத்தியாச்சு. ஐடில் 14.6, 14.8, அதுக்குள்ளயே நிக்குது. திருத்தம் மைனஸ் 8க்கு இறங்கிடுச்சு. அதாவது நிஜத்துல மேப்ல பெட்ரோல் அதிகம்.

இப்போ அந்த 5000 ஆர்பிஎம் விஷயம். இது டைனோல, அதாவது வண்டியை உருளை மேல நிறுத்தி ஓட்டி அளக்கற மெஷின்ல, எடுத்த லாக், ரோட்டுல இதெல்லாம் முயற்சி பண்ணாதீங்க. ரெண்டு சந்தேகம். ஒண்ணு ஃப்யூயல் பிரஷர். இந்த வண்டில அடிப்படை 43.5 பிஎஸ்ஐ. 15 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ தள்ளற காத்தோட அழுத்தம்) வரும்போது அதுவும் ஒண்ணுக்கு ஒண்ணு ஏறி 58.5ல இருக்கணும். ஃப்யூயல் பிரஷரைக் கட்டுப்படுத்தற ரெகுலேட்டரோட ஹோஸ் கழண்டு 43.5லயே நின்னா, இன்ஜெக்டருக்குக் கிடைக்கற நிகர அழுத்தம் 28.5தான். பெட்ரோல் கிட்டத்தட்ட 19 சதவீதம் குறையும், ஏன்னா ஓட்டம் அழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இங்க 58 வருது. இது இல்ல.

அப்புறம், பிரஷர் விழுந்தா கோடு வழுக்கிக்கிட்டு மேல போகும். இங்க ரம்பப் பல்லு மாதிரி இருக்கு. இதுதான் ரெண்டாவது சந்தேகம், மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல கலவை எரியாமப் போறது. பூஸ்ட்ல சிலிண்டருக்குள்ள கலவை நெருக்கமா இருக்கும், ஸ்பார்க் தாண்டறதுக்கு அதிக வோல்டேஜ் வேணும். தாண்ட முடியலன்னா அந்த சிலிண்டரோட ஆக்சிஜன் முழுசும் எரியாம வெளிய வரும், சென்சார் "லீன்"னு கத்தும். அதைக் கேட்டு பெட்ரோலைக் கூட்டினா ப்ளக் இன்னும் கரி பிடிக்கும், இன்னும் மிஸ் ஆகும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். கூட்டக் கூட்ட மோசமானது இதனாலதான்.

இதோ கழட்டின ப்ளக். பீங்கான் மூக்கு முழுக்க உலர்ந்த கரி, வெல்வெட் மாதிரி. லீனா ஓடின ப்ளக் இப்படி இருக்காது. கேஜ் விடறேன், ஸ்பார்க் தாண்டற கேப் 1.1 மில்லிமீட்டர். இந்த பூஸ்டுக்கு இது ரொம்ப அதிகம். புது செட்டை 0.7ல வெச்சிருக்கேன். அதுலயும் மிஸ் ஆச்சுன்னா அடுத்து ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் தர்ற காயிலைப் பாக்கணும்.

புது ப்ளக்கோட வண்டி திரும்ப டைனோல ஓடிட்டிருக்கும்போது சென்சாரைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். எல்எஸ்யு 4.9ங்கற இந்த வைட்பேண்ட் சென்சார் உள்ள சுமார் 780 டிகிரில வேலை செய்யுது. அதுல தண்ணித் துளி பட்டா பீங்கான் விரிசல் விடும். அதனால படுக்கைவாட்டுல இருந்து குறைஞ்சது 10 டிகிரி மேல தூக்கி மாட்டுங்க. டர்போவுக்கு முன்னாடி மாட்டாதீங்க, அங்க அழுத்தமும் சூடும் எண்ணைக் கெடுக்கும். பக்கத்துல சாதா சிலிகான் சீலன்ட் தடவவே கூடாது. ஆக்ஸிலரேட்டர் விட்டதும் 20க்கு மேல போகுதேன்னு பயப்படாதீங்க, ஃப்யூயல் கட் ஆகுது, அது சரிதான்.

ரன் முடிஞ்சது. 5000, 5500, 6000... கோடு நேரா இருக்கு, ஆனா 10.4ல. கூட்டி வெச்ச பெட்ரோல் இப்பத்தான் வெளிய தெரியுது. 10.4ஐ 11.5ஆல வகுத்தா 0.90. அந்தப் பகுதில மட்டும் கிட்டத்தட்ட 10 சதவீதம் பெட்ரோலைக் குறைக்கணும். ஒரேயடியா இல்ல, ரெண்டு தடவையா 5, 5ன்னு எடுத்து, ஒவ்வொரு தடவையும் இன்ஜின் தட்டுதான்னு சொல்ற நாக் சென்சாரைப் பாத்துக்கிட்டுக் குறைக்கப் போறேன். மேப்பை இப்போ திறக்கறேன்.