சாவிச் சத்தம் கேட்டாலே ஒளிந்துகொள்ளும் குட்டி

நேயர்களுக்கு வணக்கம். நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். எங்கள் ஊர் என்றதும் எல்லாருக்கும் கோழிப்பண்ணைதான் நினைவுக்கு வரும். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது, காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிற நாய்க்குட்டிகளைப் பற்றி.

போன வருடம் ஒரு குடும்பத்தார் மூன்று மாதப் பெண்குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செவலை நிறம், நாட்டு நாய், பெயர் செம்பி. தாத்தா வீடு கொல்லிமலையில், சோளக்காடு என்ற ஊருக்குப் பக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டுகிற பாதை அது. "பத்தாவது வளைவு தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை எடுத்துடுது டாக்டர், மாத்திரை குடுங்க" என்றார் அந்த அம்மா. அப்புறம் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: "இப்பல்லாம் ஆணியிலிருந்து கார் சாவியை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குது. வாயிலிருந்து எச்சில் நூல் மாதிரி ஒழுகுது."

எனக்கு அந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் பட்டது. வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, ஒரு வளைவும் வரவில்லை. அப்படியிருக்க எச்சில் ஏன் ஒழுகுகிறது?

காதுக்குள்ளே, செவிப்பறையையும் தாண்டி, உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற சிறு உறுப்பு ஒன்று இருக்கிறது. வண்டி திரும்புவதை அது மூளைக்குச் சொல்கிறது. குட்டி இருக்கைக்குக் கீழே படுத்திருந்தால், கண்ணோ எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இரண்டு சேதியும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. அந்த உறுப்பு பழுதான மனிதர்களைச் சுழற்றினாலும் தலை சுற்றுவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1882-லேயே எழுதியிருக்கிறார். குட்டிகளுக்கு இந்தச் சமநிலை அமைப்பு இன்னும் முதிரவில்லை. அதனால்தான் வளர்ந்த நாய்களைவிடக் குட்டிகள் அதிகம் அவதிப்படுகின்றன. பல குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் இது தானாகவே சரியாகிவிடும்.

ஆனால் குட்டியின் மனதில் பதிந்த பயம் அப்படித் தானாகப் போவதில்லை. செம்பி முதல்முறை காரில் ஏறியது தாயை விட்டுப் பிரிந்த அன்று. இரண்டாம் முறை என்னிடம் தடுப்பூசிக்கு. மூன்றாம் முறை மலைக்கு, வழியெல்லாம் வாந்தி. கார் என்றால் அதற்குத் தெரிந்தது இந்த மூன்றும்தான். பயந்தால் குமட்டல் கூடுகிறது, குமட்டினால் பயம் கூடுகிறது. இந்தப் பயத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது.

அவர்களிடம் மூன்று வாரம் மலைக்குப் போகவேண்டாம் என்றேன். முதல் வாரம் செம்பிக்குச் சாப்பாடு காருக்குப் பக்கத்தில். வண்டி வாசலில் அசையாமல் நிற்கும், கதவு திறந்திருக்கும், பக்கத்தில் தட்டு. தட்டை நாளுக்கு ஒரு அடி நெருக்கிக்கொண்டே போய், கடைசியில் பின் இருக்கையிலேயே வைத்தார்கள். தானாக ஏறினால்தான் சாப்பாடு, தூக்கி உள்ளே போடக் கூடாது. அடுத்த வாரம் கதவைச் சாத்தி, வேகவைத்த கோழித் துண்டு இரண்டு கொடுத்துவிட்டு இறக்கிவிடுவது. அப்புறம் என்ஜினை மட்டும் போட்டு அணைப்பது. அப்புறம் தெருமுனை வரை போய்த் திரும்புவது. உதட்டை நக்குகிறதா, கொட்டாவி மேல் கொட்டாவி விடுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஒன்று தெரிந்தாலும் முந்தின நாள் செய்ததற்குத் திரும்பிவிட வேண்டும். "ஒரு நாள் பின்னாடி போனா தப்பில்ல, அவசரப்பட்டா ஒரு மாசம் போயிடும்" என்று அந்த வீட்டுப் பையனிடம் சொன்னேன். அவன் நோட்டுப் போட்டு எழுதிவைத்தான். மூன்றாம் வாரத்தில் பத்து நிமிடப் பயணம், போய்ச் சேருகிற இடம் குட்டிக்குப் பிடித்த விளையாட்டுத் திடல்.

கிளம்புகிற நாளைப் பற்றியும் சொல்கிறேன். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். அதற்காக மிகச் சின்னக் குட்டியை நாள் முழுதும் பட்டினி போடாதீர்கள், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள், ஆனால் தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். டாஷ்போர்டில் கிடக்கும் மல்லிகைச் சரம், தொங்குகிற வாசனை டப்பா எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நமக்கு மணம், நாயின் மூக்குக்கு அது தாங்க முடியாத நெடி. குட்டியை மார்புப்பட்டை போட்டுப் பின் இருக்கையில் கட்டுங்கள், அல்லது கூண்டில் வையுங்கள். மடியில் வைத்துக்கொண்டு ஓட்டவே கூடாது. முன்னால் பார்த்தபடி இருந்தால் நல்லது. பக்கவாட்டில் மரங்கள் ஓடுவது தெரியாமல் ஜன்னலில் ஒரு துணி கட்டலாம். மணிக்கு ஒருமுறை நிறுத்தி, நிழலில் நடக்கவிட்டுத் தண்ணீர் கொடுங்கள். டீ குடிக்க இறங்கினாலும் குட்டியைப் பூட்டிய காரில் விடாதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால் அரை மணியில் உள்ளே 50-ஐத் தாண்டிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. சில நிமிடங்களில் உயிரே போய்விடும்.

வாந்தி எடுத்தால் திட்டாதீர்கள். குட்டி வேண்டுமென்று செய்யவில்லை. இருக்கையை நன்றாகக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பழைய வாந்தியின் வாடை இருந்தால் அதுவே மறுபடியும் குமட்டும்.

மாத்திரை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. மரோபிட்டன்ட் என்று ஒரு மருந்து, அமெரிக்காவில் 2007-ல் நாய்களுக்கென்றே அனுமதி பெற்றது. பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, கொஞ்சம் உணவோடு கொடுப்பது. பயண வாந்திக்கு நான்கு மாதம் நிறைந்த குட்டிகளுக்குத்தான் தருகிறோம். எடை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். வீட்டில் நமக்கு வைத்திருக்கிற வாந்தி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிட்டு, குட்டி மயங்கிக் கிடக்கத் தூக்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைக் கவனமாகக் கேளுங்கள். பயண வாந்தி வண்டியை விட்டு இறங்கியதும் அடங்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் குட்டி வாந்தி எடுத்தால், சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், இரத்தத்தோடு கழிந்தால் அது பார்வோ என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது உயிர் போகிற நோய். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

செம்பியை நான்காம் மாதம் முடிந்த பிறகு, மாத்திரை கொடுத்து மலைக்குக் கூட்டிப்போனார்கள். முப்பதாவது வளைவில் நிறுத்தி நடக்கவிட்டார்களாம். மேலே போய்ச் சேரும்வரை ஒருமுறைதான் எச்சில் ஒழுகியது, வாந்தி இல்லை. சோளக்காட்டில் கதவைத் திறந்ததும் குதித்து இறங்கி, தாத்தாவின் கோழிகளைத் துரத்திக்கொண்டு மிளகுக் கொடிகளுக்குள் ஓடிவிட்டது என்று அந்தப் பையன் போனில் சொன்னான். அதற்கப்புறம் இரண்டு முறை மாத்திரை இல்லாமலே போய்வந்திருக்கிறார்கள்.

வணக்கம்.