தீப்பெட்டி இருக்கா?

நேயர்களே, வணக்கம். சிகரெட் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நுரையீரல் கதையை டாக்டர்கள் சொல்வார்கள், நான் தீப்பெட்டி கதை சொல்கிறேன்.

பெங்களூரு அல்சூரில் நான் குடியிருந்த தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. லைட்டரை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், நூல் குட்டை, தலையைக் குனிந்துதான் பற்றவைக்க வேண்டும். ஒருபாலுறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கு முந்தைய காலம் அது. லைட்டர் இடுப்பளவில் தொங்கும், அதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 377 தலைக்கு மேலே தொங்கும். இரண்டு ஆண்கள் சும்மா கால் மணி நேரம் ஓரமாக நின்றால் யாராவது முறைப்பார்கள், ஆனால் கையில் சிகரெட் இருந்தால், தம் அடிக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருநாள் ஒருவர் வந்து "தீப்பெட்டி இருக்கா அண்ணா?" என்றார். அவர் சட்டைப்பையில் லைட்டர் துருத்திக்கொண்டிருந்தது, எனக்கு நன்றாகவே தெரிந்தது. நானும் பார்க்காத மாதிரி பற்றவைத்துக் கொடுத்தேன். அந்தப் பேச்சை இழுக்க அன்றைக்கு மட்டும் நாலு சிகரெட்!

இது என் ஒருவன் கதை இல்லை. அமெரிக்காவில் 2020-இல் எடுத்த கணக்குப்படி, லெஸ்பியன், கே, இருபாலீர்ப்பு உள்ள பெரியவர்களில் 100-க்கு 25 பேர் ஏதோ ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்தினார்கள், மற்றவர்களில் 19 பேர். பிறவிக் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒளிந்து வாழும் மன அழுத்தம், சந்திக்க பாரை விட்டால் வேறு இடமில்லாதது, அப்புறம் சிகரெட் கம்பெனிகள். 1990-களில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் என்ற கம்பெனி சான் பிரான்சிஸ்கோவின் கே மக்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்துப் போட்ட விற்பனைத் திட்டத்துக்கு 'ஸ்கம்' என்று பேர், கழிசடை என்று அர்த்தம். கூச்சமே இல்லை!

நம் நாட்டில் 2016-17 கணக்கெடுப்பில் பெரியவர்களில் 28.6 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரிந்தது. யாரை நேசிக்கிறீர்கள் என்று அதில் கேட்கவில்லை, ஆக நாங்கள் எத்தனை பேர் என்பது அதில் இல்லை.

நான் இரண்டு முறை விட்டேன், இரண்டு முறையும் திரும்பிப் போனேன். நிகோடினுக்காக மட்டும் இல்லை, நிற்பதற்கு ஒரு இடம் வேண்டுமே! சூயிங்கம் மென்றுகொண்டு யாரிடம் போய்த் தீப்பெட்டி கேட்பது? மூன்றாவது முறை, ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவில் நண்பர்களோடு நடக்க ஆரம்பித்த பிறகுதான் விட முடிந்தது. மறுபடியும் சொல்கிறேன், நிற்க ஒரு இடம்.

இருபாலீர்ப்புப் பெண்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், அமெரிக்கக் கணக்குகளில் அவர்கள் நிலைமை இன்னும் மோசம்... சரி, மணி காட்டுகிறார்கள். புகையிலையை விட உதவும் நம்பரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்: 1800-11-2356.