இரட்டைத் தேங்காய் முளைக்கும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். நாட்டு மருந்துக் கடைகளில் கடல் தேங்காய் என்று கேட்டு வாங்குகிறோமே, அது கடலில் விளைவதல்ல. செஷல்ஸ் நாட்டின் பிராலின், கியூரியஸ் என்ற இரண்டே தீவுகளில் இயற்கையாக வளரும் ஒரு பனையினத்தின் காய் அது. இரண்டு காய்கள் ஒட்டியதுபோல இரு கதுப்புகளாக இருப்பதால் இதற்கு இரட்டைத் தேங்காய் என்றும் பெயர். உலகின் மிகப் பெரிய விதை இதுதான். 18 கிலோவரைகூட எடை இருக்கும். முற்றி விழ 6, 7 ஆண்டுகள் ஆகும். நல்ல காய் தண்ணீரில் மூழ்கிவிடும். மிதந்து கரையொதுங்குவது உள்ளே அழுகியது, முளைக்காது. அதனால்தான் இந்த மரம் கடல் தாண்டிப் பரவவில்லை.

இதை நடுவதில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். காயை ஆழமாகப் புதைக்க வேண்டாம். நிழலில், சருகு மண்ணின்மேல் கிடத்தினால் போதும். சில மாதங்களில் இரண்டு கதுப்புகளுக்கும் நடுவிலுள்ள இடுக்கிலிருந்து கயிறுபோல ஒரு தண்டு கிளம்பும். குருத்து இருப்பது அதன் நுனியில். அது மண்ணுக்குள் இறங்கி, பக்கவாட்டில் சில மீட்டர் ஓடி, அங்கேதான் வேர்பிடித்து இலைவிடும். அதுவரை மட்டுமல்ல, அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் காயிலுள்ள பருப்புதான் அந்தக் கயிறு வழியே கன்றுக்குச் சோறு போடுகிறது. ஆகவே தொட்டி உதவாது. முளைவிட்ட காயை இடம் மாற்றினால் நுனி ஒடியும். நுனி ஒடிந்தால் காய் வீண். இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் வளர்ந்து நிற்கும் மரங்கள், செஷல்ஸுக்கு வெளியேயும் இது பிழைக்கும் என்பதற்குச் சாட்சி. ஆனால் ஆண், பெண் தனித்தனி மரம். பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. ஒரே கன்றை நட்டுக் காய்க்குக் காத்திருப்பதில் பயனில்லை.

பிராலினில் வாலே த மே என்ற பள்ளத்தாக்குக் காடு 1983 முதல் யுனெஸ்கோ பாரம்பரியக் களம். மண் சத்தில்லாதது. மடிப்பு மடிப்பான பெரிய ஓலைகள் மழைநீரோடு மகரந்தம், எச்சம், தூசி எல்லாவற்றையும் மட்டை வழியே தன் அடிமரத்துக்கே வடித்துக்கொள்கின்றன. அந்த உரத்தில்தான் இத்தனை பெரிய காய். பட்டுப்போன மரத்தையும் வெட்டக் கூடாது. அதன் பொந்தில்தான் பிராலினின் கறுப்புக் கிளி முட்டையிடுகிறது.

பருப்புக்காகத் திருடப்படும் ஒவ்வொரு காயும் காட்டுக்கு ஒரு கன்று நட்டம். செஷல்ஸ் போகிறவர்கள் இந்தக் காயின் ஓடு வாங்கும்போது அரசு முத்திரையும் சான்றிதழும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். நன்றி, வணக்கம்.