உங்கள் விளையில் (தோட்ட நிலத்தில்) நிற்கும் மரத்தை வெட்ட அனுமதி வேண்டுமா? கன்னியாகுமரி மாவட்டத்துக்கான விளக்கம்

[காட்சி: குலசேகரத்துக்கு அருகே ஒரு விளை. ரப்பர் வரிசைகளின் ஓரத்தில் முதிர்ந்த தேக்கு மரம்.]

வணக்கம். பட்டா என் பெயரில் இருக்கிறது, வரி நான் கட்டுகிறேன், மரம் என் தாத்தா நட்டது. இதை வெட்ட நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற கேள்வி நம் மாவட்டத்தில் வீடு கட்டத் தொடங்குகிறவர்களிடமும், மகள் திருமணத்துக்காக நாலு மூடு தேக்கை விற்க நினைப்பவர்களிடமும் அடிக்கடி எழுகிறது. இதற்கு மாவட்டம் முழுமைக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. மரம் எந்தக் கிராமத்தில், எந்த சர்வே எண்ணில் நிற்கிறது என்பது தெரிந்த பிறகே அது என்ன மரம் என்பதையும் யாரிடம் மனு கொடுப்பது என்பதையும் பேச முடியும். தடி வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு இந்தக் கேள்விக்கு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால், இந்த வீடியோவை வரிசை மாறாமல் பார்க்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உறவினர்கள் உள்ள குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அங்கே நடைமுறையில் உள்ள விதியைக் கேட்டறிந்து இங்கேயும் அதுவே என்று நம்பிவிடுகிறார்கள். கேரளத்தில் வனமல்லாத நிலங்களில் உள்ள மரங்களுக்கென்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. கர்நாடகத்தில் 1976 முதல் தனியாக மரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. தமிழ்நாட்டில் மாநிலம் முழுவதும் உள்ள பட்டா நிலங்களின் எல்லா மரங்களுக்கும் பொதுவான அத்தகைய சட்டம் இல்லை. அதற்குப் பதிலாக, சில நிலப்பகுதிகளுக்கு மட்டும் பொருந்தும் சட்டங்களும், சில மர இனங்களுக்கு மட்டும் பொருந்தும் விதிகளும் தனித்தனியே உள்ளன. ஆகவே சட்டமே இல்லை என்பவரும், எந்த மரத்தையும் தொடக்கூடாது என்பவரும் ஒருசேரத் தவறான தகவலையே தருகிறார்கள்.

தேக்கு என்றாலே அது சர்க்காருக்குச் சொந்தம் என்று வயதானவர்கள் சொல்வதற்கும் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை நம் பகுதி திருவிதாங்கூரின் ஆட்சி மரபில் இருந்தது. அந்த ஆட்சியில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை ராஜகீய மரங்கள் எனக் கருதப்பட்டு, தனியார் நிலத்தில் நின்றாலும் அரசுக்கு உரியவையாக இருந்தன. அந்தக் காலத்து அச்சம் இன்றும் பேச்சில் தொடர்கிறது.

[காட்சி: மாவட்ட வரைபடம். தோவாளை, கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு வட்டங்களின் மலையோரப் பகுதிகள் நிறம் மாறுகின்றன.]

இனி நிலப்பகுதிக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் மாவட்டத்தில் கடலோரத்திலிருந்து மலையடிவாரம்வரை உள்ள தூரம் மிகக் குறைவு. அந்தக் குறைந்த தூரத்துக்குள்ளேயே விதிகள் முற்றிலும் மாறிவிடுகின்றன. மேற்கு மலைத் தொடரை ஒட்டிய கிராமங்களில் இரண்டு சட்டங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, 1949-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். இந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி இல்லாமல் அதில் மரம் வெட்ட முடியாது. அந்த நிலத்தை விற்கவும் அடமானம் வைக்கவும் குத்தகைக்கு விடவும்கூட அதே குழுவின் ஒப்புதல் தேவை. மலையோரத்தில் நிலம் வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துவிட்டு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் அந்த சர்வே எண் வருகிறதா என்பதையும் கிரயத்துக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம். மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் குழுவின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி மரத்தை வெட்டுவதை மட்டுமல்லாமல், வேரோடு பிடுங்குவதையும் எரிப்பதையும் வேறு எவ்வகையில் அழிப்பதையும் அது தடுக்கிறது. வேறு எவ்வகையில் என்ற இந்தப் பகுதியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டு, அல்லது வேரில் அமிலத்தை ஊற்றிவிட்டு, மரம் தானாகப் பட்டுப்போனது என்று காட்டும் வழக்கம் இருக்கிறது. அனுமதி தேவைப்படும் இடத்தில் இது வெட்டுவதற்கு நிகரான குற்றமாகவே கருதப்படும். அதோடு, இவ்வாறு கொல்லப்பட்ட மரம் ஒரு மழைக்காலத்தில் எந்தப் பக்கம் சாயும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

மலைக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு என்ற ஆதங்கம் அங்குள்ள விவசாயிகளிடம் உள்ளது. கடலோரத்தில் வசிப்பவருக்கு இல்லாத தடை தங்களுக்கு இருப்பதாக அவர்கள் உணர்வதில் நியாயம் உண்டு. குழு கூடி முடிவெடுக்கும்வரை காத்திருப்பதன் பாரமும் அவர்கள்மீதே விழுகிறது. இருந்தாலும், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளுக்கு வரும் நீர் அந்தச் சரிவுகளிலிருந்தே இறங்குகிறது. சரிவில் மரம் குறைந்தால் மழைநீரோடு மண்ணும் இறங்கி அணைக்குள் படியும். கீழே வயலுக்கும் குடிநீருக்கும் அந்த அணைகளை நம்பியிருப்பவர்களுக்காகவே மேலே உள்ளவர் அனுமதிக்குக் காத்திருக்கிறார் என்பதால், அந்த மனுக்களைத் தாமதமின்றி முடிக்க வேண்டிய கடமை அலுவலகங்களுக்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

மலையோரத்தில் வேறு இரண்டு செய்திகளும் உண்டு. கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சரணாலயங்களைச் சுற்றி அறிவிக்கப்படும் சூழல் உணர்திறன் மண்டலங்களில் தனியார் நில மரங்களுக்கும் முன் அனுமதி தேவை என்பது வழக்கமான நிபந்தனை. மேலும், 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, நிலம் யார் பெயரில் இருந்தாலும் அது காடாக இருக்குமானால் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

[காட்சி: தேரூர்ப் பக்கம் வயல்வெளியின் வரப்பில் பனை மரங்கள்.]

இந்த அறிவிப்புகள் எதிலும் வராத சமவெளிப் பகுதியில், வீட்டு வளாகத்தில் நிற்கும் தென்னை, மா, பலா, அயனி போன்றவற்றைத் தன் பட்டா நிலத்தில் வெட்டுவதற்கு உரிமையாளருக்குப் பொதுவாகத் தடை இல்லை. அங்கேயும் சில மரங்களுக்குத் தனி விதி உண்டு.

அவற்றுள் நம் மாவட்டத்தில் அதிகம் மீறப்படுவது பனையைப் பற்றியது. தமிழ்நாட்டின் மாநில மரமான பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்ட் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. பட்டா நிலத்தில் நிற்கும் பனைக்கும் இது பொருந்தும். செங்கல் சூளைக்கு விறகாகப் பனை போவதை ஊருக்கு ஊர் பார்த்திருப்பீர்கள். பதநீரும் நுங்கும் கருப்பட்டியும் ஓலையும் தந்து பனையேறிகளின் பல தலைமுறைகளை வாழ வைத்த மரம் ஒரு நாள் சூளையில் சாம்பலாவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. முழு வளர்ச்சி அடையப் பல்லாண்டுகள் எடுக்கும் பனைக்கு, இன்று நடும் ஒரு விதை உடனடி ஈடாகாது. மனை பிரிப்பதற்காக நிலத்தைச் சமப்படுத்தும்போது பனைகளை இயந்திரத்தால் சாய்ப்பதற்கும் அனுமதி தேவை என்பதை மனை வாங்குகிறவர்களும் விற்பவரிடம் கேட்க வேண்டும்.

சந்தன மரத்தை நிலத்தின் உரிமையாளர் தாமாக வெட்டக் கூடாது. 2008-ஆம் ஆண்டின் பட்டா நிலச் சந்தன மர விதிகளின்படி மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பித்தால், வனத்துறையே மரத்தை எடுத்து விற்று, விற்பனைத் தொகையில் உரிய பங்கை உரிமையாளருக்கு வழங்கும். உங்கள் மரத்தைத் திருடர்கள் வெட்டிச் சென்றால் அன்றே காவல் நிலையத்திலும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது பெறுங்கள். ஈட்டி மரத்துக்கு 1994-இல் தனிச் சட்டம் வந்தது. அது கால வரையறையோடு வந்து பின்னர் நீட்டிக்கப்பட்ட சட்டம் என்பதால், பழைய தகவலை நம்பாமல் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள நிலையை வனத்துறையிடம் கேட்பதே சரி.

தேக்கைப் பொறுத்தவரை, வெட்டுவதோடு விஷயம் முடிவதில்லை. 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகளின்படி, தேக்குத் தடியைச் சாலையில் கொண்டு செல்ல வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். இதையே நாம் பாஸ் என்கிறோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் விழுந்தவற்றைப் போல, காற்றில் தானாகச் சாய்ந்த தேக்கு என்றாலும் வண்டியில் ஏற்றும்போது பாஸ் இல்லையென்றால் தடியோடு லாரியும் பிடிபடக்கூடும். ஆகவே விழுந்த மரத்தை அறுப்பதற்கு முன்பே, வேரும் அடிமரமும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள்.

[காட்சி: நில அளவை வரைபடம். எல்லைக் கோட்டின்மேல் ஒரு புளிய மரம்.]

மரம் உண்மையிலேயே உங்கள் நிலத்தில்தான் நிற்கிறதா என்பதும் முக்கியம். வேலிக்கு உள்ளே நிற்கும் மரம் வரைபடத்தின்படி சாலைப் புறம்போக்கிலோ குளத்துக் கரையிலோ இருக்கக்கூடும். புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க உங்கள் குடும்பத்துக்கு 2சி மரப்பட்டா இருந்தாலும், அது காய்களையும் பலனையும் எடுக்கும் உரிமையே தவிர மரத்தை வெட்டும் உரிமை ஆகாது. பொது நிலத்து மரங்களை அகற்றுவது குறித்து முடிவெடுக்க ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு உள்ளது. சந்தேகம் இருந்தால் நிலத்தை அளக்க மனு கொடுத்து எல்லையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு மரம் உங்கள் கூரைமேல் சாய்ந்து நின்று, உரிமையாளர் கேட்க மறுத்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு உதவும். விழுந்து தீங்கு விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு பிறப்பிக்கலாம். இதற்கு நாகர்கோவில் கோட்டாட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ படங்களுடன் மனு கொடுக்க வேண்டும். புயல் நேரத்து அவசரத்துக்கு 1077 என்ற எண் உள்ளது. மின்கம்பியில் உரசும் மரத்தை மின்வாரியம் அகற்றக் கோரலாம். ஆனால் கம்பி வருவதற்கு முன்பே அந்த மரம் அங்கே நின்றிருந்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி அதற்கு இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை.

வெட்டும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போது மரத்தில் கூடுகள் உள்ளனவா என்று பாருங்கள். காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் சிதைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள் வருகிறது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளைச் சுற்றி வசிப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வெட்ட நினைக்கும் பல மரங்களுக்கு, அனுபவமுள்ள மரமேறியைக் கொண்டு பாரமான கிளைகளைக் கழிப்பதே போதுமானதாக இருக்கும்.

[காட்சி: மேசைமேல் சிட்டா, அ பதிவேடு, புல வரைபடம்.]

நடைமுறை இதுதான். அரசின் எங்கிருந்தும் எந்நேரமும் என்ற இணைய சேவையில் உங்கள் சிட்டாவையும் அ பதிவேட்டு நகலையும் எடுத்து, நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். பிறகு, கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, மரத்தின் இனம், எண்ணிக்கை, மார்பளவு உயரத்தில் சுற்றளவு, வெட்டுவதற்கான காரணம் ஆகியவற்றை எழுதி, இந்த சர்வே எண் எந்தப் பாதுகாப்பு அறிவிப்பின் கீழ் வருகிறது என்ற கேள்வியோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்துக்கோ உங்கள் வனச்சரக அலுவலகத்துக்கோ கொடுங்கள். அழகியபாண்டியபுரம், பூதப்பாண்டி, வேளிமலை, குலசேகரம், களியல் ஆகிய சரகங்களில் உங்கள் கிராமம் எதில் வருகிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் சொல்வார். வாய்மொழியாகக் கிடைக்கும் அனுமதியை ஏற்காதீர்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியைக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். கிடைத்த ஆணையில் குறிப்பிட்ட மரங்களையும் எண்ணிக்கையையும் மீறாமல் வெட்டி, ஆணையின் நகலையும் பாஸின் நகலையும் தடி அறுப்பு மில்லில் ஒன்று கொடுத்துவிட்டு, ஒன்றைப் பட்டாவோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.