யார்க் கோட்டைச் சுவர்: ஏறுவது இலவசம், பார்க்கிங்தான் கொள்ளை

வணக்கம் மக்களே! கோட்டை என்றாலே டிக்கெட் போட்டுத் தாளிக்கிறார்கள் என்று போன வீடியோவில் புலம்பினேன் இல்லையா? யார்க் அப்படியில்லை. சுமார் 3.4 கிலோமீட்டர் சுவர், இங்கிலாந்தில் மிஞ்சிய இடைக்கால நகரச் சுவர்களிலேயே நீளமானது. படியேறினேன், நடந்தேன், ஒரு பென்னி கேட்கவில்லை.

ஆனால் பார்க்கிங்! 14 பவுண்டு. மிஷின் கார்டை ஏற்கவில்லை, ஆப் இறக்கு என்றது. ஆப்புக்கு சிக்னல் இல்லை. கொட்டும் மழையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதே என்று வீட்டில் திட்டுவார்கள். பெருக்கிவிட்டேன், வயிறு எரிகிறது. சரி, விடுங்கள்.

யார்க்கில் ‘பார்’ என்றால் சுவரில் உள்ள நகர வாசல், மதுக்கடை இல்லை. எல்லாரும் பூத்தம் பார் வாசலில் ஏறி மாங்க் பாரில் இறங்குவார்கள். யார்க் மின்ஸ்டர் தேவாலயம் பக்கத்திலேயே தெரியும், போட்டோவுக்கு அருமை. ஆனால் கூட்டம், உள்பக்கம் சில இடங்களில் தடுப்புக் கம்பியும் கிடையாது. எனக்கு உயரம் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். எதிரே ஆள் வந்தால் வெளிச்சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொண்டேன்.

என் ஓட்டு வாம்கேட் பாருக்குத்தான். வாசலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் உயரச் சுவர் எழுப்பி ஒரு சந்து நீட்டியிருக்கிறார்கள், பார்பிகன் என்பார்கள். கதவை உடைக்க வருகிறவன் அதற்குள் மாட்டினால் மேலிருந்து அடிதான். இங்கிலாந்தின் நகர வாசல்களில் இந்த ஒரு பார்பிகன்தான் தப்பியிருக்கிறது. யார்க்கின் மற்ற வாசல்களில் இருந்ததை 19ஆம் நூற்றாண்டில் நகரசபையே இடித்துத் தள்ளியது. எதிரி செய்யாததை இவர்களே செய்தார்கள்! உள்பக்கம் வந்து பாருங்கள், வாசலோடு ஒட்டி, தூண்கள்மேல் ஒரு மர வீடு.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். மாங்க் பாரிலிருந்து வாம்கேட்டுக்குச் சுவர்மேலேயே போக முடியாது. லேயர்தோர்ப்பில் இறங்கி, ரெட் டவர் வரை ரோட்டில்தான் நடக்க வேண்டும். அங்கே சுவர் இடியவில்லை, கட்டவே இல்லை. இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் காலத்தில் ஃபாஸ் ஆற்றுக்கு அணை போட்டதில் அந்தப் பக்கம் ஏரியும் சேறுமாகக் கிடந்தது. அதைத் தாண்டி எவன் வருவான்?

மிக்கில்கேட் பார் அடுத்த வீடியோவில். 1460இல் போரில் கொல்லப்பட்ட யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைச் செருகிவைத்த வாசல் அது. இருட்டினால் படிக் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போகப்போகிறேன்.