நிலவுக்குப் போனது நிஜமா? சித்தம்பூண்டிப் பாறையைக் கேளுங்கள்

(பரமத்தி வேலூர் வட்டார வாசகர்கள் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் மாலை வணக்கம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஊரில் இத்தனை வேலைகள் இருந்தும் சொன்ன நேரத்துக்கு வந்து முதல் ஆளாக அமர்ந்த பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மாணவர்களைச் சொந்தப் பொறுப்பில் அழைத்து வந்த தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலி போதாது என்றதும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட நூலகர் அம்மா அவர்களே, பத்தாண்டுக்கும் மேலாக எங்கள் கூட்டங்களுக்கு வாடகை வாங்காமல் ஒலிபெருக்கி கட்டித் தரும் தம்பி, கொடிக்கால் வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருக்கும் பெரியவர்கள், தாய்மார்கள், பிள்ளைகள் அனைவருக்கும் என் வணக்கம். அரிமா சங்கத்து நண்பர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த அன்புக்கு நன்றி. அடுத்த கூட்டத்தில் பேச வருகிறவருக்கு அதே செலவில் ஒரு புத்தகம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சற்று முன்னால் மாணவர்கள் விவாதித்தார்கள். நிலவில் மனிதன் நடந்தது நிஜமா, நாடகமா? இரண்டு அணியும் நன்றாகப் பேசினார்கள். அதிலும் நாடகம் என்று வாதாடிய அந்தப் பதினோராம் வகுப்பு மாணவி, "எங்கள் அப்பா அம்மா பிறப்பதற்கு முன்னால் நடந்ததாகச் சொல்கிறீர்கள். படத்தில் பார்த்தேன் என்பதற்காக நான் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டாரே, அதற்கு நான் கைதட்டினேன். கேட்க வேண்டிய கேள்விதான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்து நம்பாதே என்பது அதன் முதல் பாதி. விசாரித்து முடி என்பது மறு பாதி. இன்று கைபேசியில் சுற்றுகிற காணொளிகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. என் வருத்தமெல்லாம் அதுதான்.

முதலில் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி ஆடியது, வானத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை.

கொடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காற்று இல்லாததால் கொடி தொங்கிவிடும் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் மேல் விளிம்பில் குறுக்கே ஒரு குழாயைச் செருகியிருந்தார்கள். மனிதர்கள் முதலில் இறங்கிய அப்போலோ 11 பயணத்தில் அந்தக் குழாய் முழுதாக நீளவில்லை, துணி சுருங்கி நின்றது. புகைப்படத்தில் அது பறப்பதாகத் தெரிகிறது. கம்பத்தைக் கையால் திருகும்போது கொடி ஆடியது. தடுக்கக் காற்று இல்லாததால் இங்கே ஆடுவதைவிடக் கூடுதல் நேரம் ஆடியது. நட்சத்திரத்துக்கு நீங்களே சோதனை செய்யலாம். இன்று இரவு தெருவிளக்கின் கீழ் ஒருவரை நிறுத்திக் கைபேசியில் படம் எடுங்கள். முகம் தெளிவாக விழும்படி எடுத்தால் பின்னால் இருக்கும் வானத்தில் ஒரு நட்சத்திரமும் விழாது. நிலவில் அவர்கள் நின்றது பட்டப்பகல் வெயிலில். வெள்ளை உடுப்பு, பளீரென்ற தரை. கேமராவை அந்த வெளிச்சத்துக்கு ஏற்றபடி வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். வயதானவர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அப்போது இன்னும் 20ஆம் தேதி. நம் நேரப்படி விடியற்காலை 1.47க்கு அவர்களுடைய ஈகிள் என்ற இறங்குகலம் தரையிறங்கியது. காலை 8.26க்கு ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். நம் பக்கம் தொலைக்காட்சி என்ற பேச்சே இல்லாத காலம். சென்னைக்கே 1975இல்தான் வந்தது. எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. திண்ணை நிறைய ஆட்கள். செய்தி வந்தவுடன் சிலர் கும்பிட்டார்கள், சிலர் சிரித்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வெற்றிலை வியாபாரி இருந்தார். எதையும் சட்டென்று ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் தோளில் இருந்த துண்டை உதறிவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, இன்னைக்கு வளர்பிறைங்க, சரி. நிலாவுல நின்னுக்கறான். அமாவாசை அன்னைக்கு அவன் எங்கீங்க நிப்பான்?"

திண்ணையே சிரித்தது. எங்கள் கணக்கு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லாக் கேட்டீங்க. சாயங்காலம் கோயில் மைதானத்துக்கு வாங்க" என்றார். "பதில் சொல்லிட்டா ஒரு கவுளி வெற்றிலை" என்று வியாபாரி பந்தயம் கட்டினார். செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கொடிக்காலில் வேலை முடித்தவர்கள், அக்கரையிலிருந்து பரிசலில் வந்தவர்கள் கூட அங்கே வந்துவிட்டார்கள். மேலே ஏறக்குறைய அரை நிலா. வாத்தியார் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை வேப்பமரத்துக் கிளையில் மாட்டினார். அதுதான் சூரியன். உரித்த தேங்காய் ஒன்றை வாங்கி வியாபாரியிடம் கொடுத்து, "உங்க டப்பாவிலே இருக்கிற சுண்ணாம்பைத் தடவுங்க" என்றார். அவரும் டப்பாவைக் காலி செய்து தேங்காயை வெள்ளையாக்கினார். அதுதான் நிலா. "நீங்கதான் பூமி. கையை நீட்டித் தேங்காயைத் தலைக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு அப்படியே மெதுவாச் சுத்துங்க."

வியாபாரி சுற்றினார். விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றபோது தேங்காய் முழுக்க வெளிச்சம், பௌர்ணமி. பக்கவாட்டில் திரும்பியபோது பாதி. கூட்டத்தில் ஒரு பாட்டி, "அட, மேலே இருக்கிறாப்பிலேயே இருக்குதே" என்று வானத்தைக் காட்டினார். விளக்கைப் பார்த்து நின்றதும் தேங்காய் கருத்துவிட்டது. "இதுதான் அமாவாசை" என்றார் வாத்தியார். "அதான் கேட்டேன், இப்ப அவன் எங்கே?" என்று வியாபாரி விடவில்லை. வாத்தியார் தேங்காயைத் தன் கையில் வாங்கி அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, "விளக்குப் பக்கமாப் போய் நின்னு பாருங்க" என்றார். அவர் சுற்றிப் போய் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "அட சாமி! நமக்கு அமாவாசைன்னா அந்தப் பக்கம் பௌர்ணமிங்களா!"

அன்றைக்கு எழுந்த கைதட்டலை இந்த மைதானம் இன்னும் கேட்கவில்லை. வெற்றிலைக் கவுளி வாத்தியார் கைக்கு வந்தது. அவர் வெற்றிலை போடாதவர், அந்தப் பாட்டியிடம் கொடுத்துவிட்டார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. வியாபாரி திரும்பி வந்து அமைதியாகக் கேட்டார்: "நிக்க முடியும்னு ஒத்துக்கறனுங்க. நின்னான்னு எப்படித் தெரியும்?" வாத்தியார் சொன்னார்: "கல்லு கொண்டாருவாங்க. கல்லைப் பார்த்தாத் தெரியும்." கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று அந்த வியாபாரியிடம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் விசாரித்தார்.

சரி, கல்லுக்கு வருவோம்.

ஆறு முறை இறங்கினார்கள். அப்போலோ 11, 12, 14, 15, 16, 17. பன்னிரண்டு பேர் நடந்தார்கள். கொண்டுவந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. தனிக்கல் ஒன்றே 11 கிலோவுக்கு மேல். தரையில் குழாயை இறக்கிக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் ஆழத்து மண்ணையும் அடுக்குக் குலையாமல் எடுத்து வந்தார்கள். அதே காலத்தில் சோவியத் நாட்டின் மூன்று ஆளில்லாக் கலங்கள், லூனா 16, 20, 24, கொண்டுவந்த மண் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோவுக்கும் குறைவு. ரோபோவை அனுப்பி அள்ளி வந்திருப்பார்கள் என்று வாதிட்ட மாணவர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ரோபோவால் முடிந்தது அவ்வளவுதான். இரு நாடுகளும் தங்கள் மாதிரிகளைப் பரிமாறிக்கொண்டு சோதித்தன. சோவியத் விஞ்ஞானிகள் போலி என்று சொல்லவில்லை. அவர்களைவிடப் போட்டி மனப்பான்மை உள்ளவர்கள் அன்று உலகில் யாருமில்லை. ஆம்ஸ்ட்ராங் நிலவில் இருந்த அதே நேரம் அவர்களுடைய லூனா 15 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது, பிறகு மோதி உடைந்தது. பொய் என்று சொல்ல அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, கருவியும் இருந்தது.

நாடகம் என்ற பேச்சை 1976இல் பில் கேசிங் என்ற அமெரிக்கர் தாமே வெளியிட்ட ஒரு புத்தகம் பரப்பியது. 2001இல் அங்கே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. கொடியும் நிழலும் நட்சத்திரமும் அங்கிருந்து வந்தவை. கல்லைப் பற்றிய கேள்விக்கு அவர்களிடம் சரியான பதில் இல்லை.

நிலவில் வைத்த கண்ணாடிகளில் லேசர் ஒளியை அடித்துத் திரும்ப வாங்குகிறார்களே, அது போதாதா என்று நிஜ அணி கேட்டது. அது மட்டும் போதாது. சோவியத் ஊர்திகளும் ஆளில்லாமலே கண்ணாடி வைத்தன. நம் பக்கத்தில் நின்று பேசுகிறவர்களும் ஒழுங்காகப் பேச வேண்டும். அதனால்தான் நான் கல்லைப் பிடித்துக்கொள்கிறேன்.

அப்போலோ 11 கொண்டுவந்த மண்ணில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. அமெரிக்காவின் ஜான் வுட் குழுவினர் 1970இல் அதைப் பார்த்துவிட்டு, இது அனார்த்தோசைட் என்ற பாறை, நிலவின் வெளிறிய மேட்டு நிலமெல்லாம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஆதியில் நிலவு முழுக்கப் பாறைக் குழம்புக் கடலாக இருந்தது, அதில் கனம் குறைந்த படிகங்கள் மேலே மிதந்து உறைந்து மேலோடானது என்று கருதினார்கள். 1971இல் அப்போலோ 15இல் போன விண்வெளி வீரர்கள் ஸ்காட்டும் இர்வினும் நிலவின் அப்பெனைன் மலையடிவாரத்தில் அதே வகைப் பாறையைக் கையில் எடுத்தார்கள். 400 கோடி ஆண்டு வயதுடைய கல்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வாருங்கள். இங்கிருந்து பக்கத்தில்தான் சித்தம்பூண்டி, குன்னமலை. குருந்தக்கல் கிடைக்கிற ஊர் என்று நம் தாத்தாக்களுக்குத் தெரியும். அங்கே நிலத்துக்கு மேலே தெரிகிற வெள்ளைப் பாறை, சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள அனார்த்தோசைட்! சந்திரயான்-2இன் இறங்குகலத்தையும் ஊர்தியையும் சோதிக்க நிலவு மண் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ இந்தப் பாறையைத் தேடி வந்தது. அரைத்துப் பொடியாக்கி டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் அதற்கு உதவினார்கள். இந்தப் பாறைதான் வேண்டும் என்று இஸ்ரோவுக்கு எப்படித் தெரியும்? அப்போலோ கற்களை உலகம் முழுக்க ஆய்வு செய்து வெளியிட்டதால் தெரியும்.

கதை இன்னும் முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பக்கம் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல். பிரக்யான் ஊர்தி தரையில் கருவியை இறக்கி மண்ணைச் சோதித்தது. அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அந்த மண்ணின் சேர்மானம் இரும்பு கலந்த அனார்த்தோசைட்டோடு ஒத்துப்போகிறது. பாறைக் குழம்புக் கடல் என்று அப்போலோ 11 மண்ணை வைத்துச் சொன்னது, அரை நூற்றாண்டுக்குப் பிறகு, வேறு நாடு, வேறு கருவி, யாரும் அதுவரை இறங்காத இடம், அங்கேயும் பொருந்துகிறது. படப்பிடிப்புக் கூடத்தில் செய்த கல்லாக இருந்தால் நம் பிரக்யான் அதற்குச் சாட்சி சொல்லுமா? சந்திரயான்-2இன் நிலவைச் சுற்றும் கலம் எடுத்த படத்தில் ஈகிள் விட்டுவந்த அடிப்பகுதியும் தெரிகிறது. தீர விசாரிப்பதே மெய். விசாரித்தது நம் ஆட்கள்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஐந்து நிமிடம் கொடுங்கள் ஐயா, முக்கியமான விஷயம் பாக்கி இருக்கிறது.

திருவக்கரைக் கல்மரங்கள், சாத்தனூர்க் கல்மரம், சென்னைப் பரங்கிமலையின் சார்னோக்கைட் பாறை, இவற்றையெல்லாம் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. சித்தம்பூண்டியும் அந்த வரிசையில் சேர வேண்டும். நிலவைப் புரிந்துகொள்ள உதவிய பாறை ஜல்லியாகப் போகக் கூடாது. நம் பிள்ளைகள் காணொளியில் நிலவைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். நிலவின் மேட்டு நிலம் எந்த வகைப் பாறையோ அதே வகைப் பாறை பேருந்தில் போகிற தூரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடம் ஆண்டுக்கு ஒரு முறையாவது அங்கே அழைத்துப் போக வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அந்த வெள்ளைப் படிகத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். நம் நூலகத்தில் ஒரு கண்ணாடி அலமாரி வேண்டும், அதில் இந்தப் பாறையின் துண்டு, பக்கத்தில் தமிழில் விளக்கம். தலைமையாசிரியர் அவர்களே, தேதி குறியுங்கள், நான் கூட வருகிறேன். பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மாவட்ட ஆட்சியருக்கான கோரிக்கையில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். நாடகம் என்று பேசிய மாணவி அடுத்த கையெழுத்தைப் போட வேண்டும். அவரைவிடத் தகுதியானவர் எனக்குத் தெரியவில்லை.

கோரிக்கைப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது. பெயரோடு ஊரையும் தெளிவாக எழுதுங்கள். பேனா இல்லாதவர்கள் நூலகர் அம்மாவிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.